சுடுகாட்டு மல்லியும் 25 இலைகளும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப எனக்கும் எங்கப்பாவுக்கும் ஒரு சண்டை. காரணம் ஒரு செடி. அந்தச் சண்டையில ஜெயிக்கணும்னு நாலஞ்சு ராத்திரி உக்காந்து படிச்சதுதான் இங்க வரலாறா வந்திருக்கு. வரலாறு எனக்குப் பாடமே கிடையாது மக்கா, நான் படிச்சது எஞ்சினியரிங், புடுங்குறது சாஃப்ட்வேர் ஆணி. தப்பு இருந்தா தாராளமா குட்டுங்க.

செடி உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நித்யகல்யாணி. அஞ்சு இதழ், ரோஸ் கலர், வெள்ளை, இல்லன்னா வெள்ளையில நடுவுல சிவப்புப் பொட்டு. கோவில்பட்டிப் பக்கம் எங்க வீட்டுல காம்பவுண்டு சுவரை ஒட்டி பத்தடி நீளத்துக்கு இதுதான் பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். யாரும் நட்டதில்ல. யாரும் தண்ணி ஊத்துறதும் இல்ல. எங்க ஆச்சி இருந்த வரைக்கும் இதை வாசப்பக்கம் விடவே மாட்டாங்க. "சுடுகாட்டுச் செடிய எவனாவது வீட்டு முன்னால வைப்பானா?" என்று பிடுங்கிப் பின்பக்கம் எறிவார்கள். பின்பக்கம் எறிந்தது அங்கே காய் வெடித்து முளைத்தது. ஆச்சி போய் எட்டு வருஷம் ஆச்சு. இப்ப முன்பக்கமும் அதுதான், பின்பக்கமும் அதுதான்.

இந்தச் செடி பரவுற விதத்தைப் பாத்தா எனக்கு எப்பவும் ஃபோர்க் பாம் ஞாபகம்தான் வரும். ஒரு ப்ராசஸ் தன்னையே ரெண்டா பிரிச்சுக்கும், அந்த ரெண்டும் நாலாகும், நீங்க கில் கமாண்டு அடிக்கிறதுக்குள்ள மெஷின் தொங்கிடும். பூ உதிர்ந்ததும் மேல் நோக்கி ஒரு ஜோடிக் காய் நிக்கும், கன்னுக்குட்டிக் கொம்பு மாதிரி, ஒல்லியா, பச்சையா. காய்ஞ்சா ஒரு பக்கமா வெடிக்கும். உள்ள பொடிப்பொடியா கறுப்பு விதை. மழைத் தண்ணி அதை எங்க கொண்டு போய் விடுதோ அங்க முளைக்கும். சிமெண்டு வெடிப்பா இருந்தாலும் சரி. விதை முளைக்க இருட்டு வேணுமாம், அதான் வெடிப்புக்குள்ள விழுந்தது முளைக்குது, தொட்டியில மேலாகத் தூவினது முளைக்க மாட்டேங்குது. (நர்சரிக்காரங்க விதைச்ச தட்டை மூடி வைக்கிறது இதுக்குத்தான். நான் பெங்களூர் பால்கனியில ரெண்டு தடவை தூவித் தோத்தப்புறம்தான் இதைக் கத்துக்கிட்டேன்.) ஆடு மாடு கடிக்காது, இலை அவ்வளவு கசப்பு. வெயிலைப் பத்திக் கவலை இல்ல. தண்ணி தேங்கினா மட்டும் வேர் அழுகிச் செத்துப் போயிரும். கரிசக்காட்டு ஊருக்கு இதைவிடப் பொருத்தமா தரையை மூடுற பூச்செடி ஒண்ணைச் சொல்லுங்க பாப்போம்.

சரி, சண்டைக்கு வருவோம். அப்பாவுக்கு ஒம்பது வருஷமா சுகர். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில எந்திரிச்சா அடுப்படியில ஒரு வாடை. என்னம்மான்னு கேட்டா அம்மா பதிலே சொல்லல, கண்ணால அப்பாவைக் காட்டினாங்க. அப்பா ஒரு டம்ளர்ல பச்சையா எதையோ மூக்கைப் பிடிச்சுட்டுக் குடிச்சிட்டிருந்தார். நித்யகல்யாணி இலை பத்து, பூ அஞ்சு, கொதிக்க வச்சு வடிகட்டினது. வாட்ஸப்புல வந்ததாம். அதோட நிக்கல, மூணு வாரமா மெட்ஃபார்மின் மாத்திரையையும் நிறுத்திட்டார்.

"ஏல, மாத்திரை தின்னா கிட்னி போயிரும்ங்கான். இது நம்ம முத்தத்துல கிடக்க மூலிகை. நம்ம முன்னோருங்க ஆயிரம் வருஷமா குடிச்சது."

நான் கத்தினேன், அவர் கத்தினார். அம்மா குக்கர் விசில் வர்ற வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்க. அந்த "ஆயிரம் வருஷம்" மட்டும் எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்தது. பெங்களூர் திரும்பினதும் முதல்ல தேடினது அதைத்தான்.

ஆயிரம் வருஷம் வாய்ப்பே இல்ல. இந்தச் செடி நம்ம ஊர்ச் செடியே கிடையாது. இதோட சொந்த ஊர் மடகாஸ்கர். இந்தச் செடியோட குடும்ப வகையில மொத்தம் எட்டு இனம், அதுல ஏழு மடகாஸ்கர்ல மட்டுமே உள்ளது. மிச்சம் இருக்கிற ஒண்ணு மட்டும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது, சின்னதா வெள்ளைப் பூ பூக்கிற காட்டுப் பூண்டு, அதை யாரும் தோட்டத்துல வளர்க்கிறதில்ல. நாம சாமிப் பேர் மாதிரி நித்யகல்யாணின்னு கூப்பிடுறது, இந்திக்காரர் சதாபஹார்னு கூப்பிடுறது, வங்காளி நயன்தாரான்னு கூப்பிடுறது எல்லாமே தீவு ஒண்ணுலேர்ந்து கப்பலேறி வந்த விருந்தாளியை. (ஆமாம், அந்த நயன்தாராதான். இந்த இடத்துல ஜொள்ளு விடுறவங்க விட்டுட்டு மேல படிங்க.)

ஐரோப்பியர் எழுத்தில் இது முதலில் தலைகாட்டுவது எத்தியென் தெ ஃபிளாக்கூர் என்பவர் 1658ல் வெளியிட்ட மடகாஸ்கர் பற்றிய புத்தகத்தில். அந்தத் தீவின் தென்கோடியில் ஃபோர்ட் தோஃபேன் என்ற ஃபிரெஞ்சுக் கோட்டைக்கு 1648லேர்ந்து 1655 வரை ஆளுநராக இருந்தவர். அதுக்கப்புறம் நூறு வருஷம் பெரிசா ஒண்ணும் நடக்கல. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் விதை பாரிசுக்குப் போய், ஃபிரெஞ்சு அரசரின் தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஃபிலிப் மில்லர் கைக்கு வந்தது. 1759ல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பேர் வைத்தார். அது தப்பான பேர். ஐரோப்பாவில் ஏற்கனவே இருந்த வின்கா என்ற தரையோடு படரும் செடி போலத் தெரிந்ததால் அதோட சேர்த்துவிட்டார். 1830களில் ஜார்ஜ் டான் என்பவர் பிரித்தெடுத்து கத்தராந்தஸ் ரோசியஸ் ஆக்கினார். கிரேக்கத்தில் 'தூய மலர்' என்று பொருள். ஆனா பழைய பேர் போகல. இன்னிக்கும் நர்சரியில போய் வின்கான்னு கேட்டாத்தான் எடுத்துத் தருவான். ஒரு வேரியபிளுக்குத் தப்பா பேர் வச்சுட்டா ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் அதோடதான் குடும்பம் நடத்தணும்னு எங்க லீடு சொல்லுவார், இங்க 250 வருஷம் தாண்டி நடந்திட்டிருக்கு.

தோட்டத்திலிருந்து விதை தப்பித்துக் கப்பல் போற வெப்ப நாடெல்லாம் பரவியாச்சு. பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. போன இடத்திலெல்லாம் சனங்க அதைக் கஷாயம் வச்சுக் குடிச்சிருக்காங்க. எதுக்குன்னா, பெரும்பாலும் சர்க்கரை வியாதிக்கு! இதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் திக்குன்னு ஆச்சு. அப்பா ஜெயிச்சிடுவார் போல இருக்கேன்னு. ரெண்டாம் உலகப்போர்ல இன்சுலின் கிடைக்காதப்ப பிலிப்பைன்ஸ்ல இதைத்தான் நம்பியிருக்காங்க.

இங்கேர்ந்துதான் கதை சூடு பிடிக்குது.

கனடாவில் நோபிள்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். ரெண்டு பேரும் டாக்டர். பெரியவர் கிளார்க் நோபிள். 1921 கோடையில் டொராண்டோவில் பான்டிங் இன்சுலின் ஆராய்ச்சி தொடங்கினப்ப உதவிக்குத் தயாரா இருந்த மாணவர்கள் ரெண்டு பேர், சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். யார் முதல்ல போறதுன்னு காசு சுண்டிப் போட்டாங்க, பெஸ்ட் ஜெயிச்சார் என்று சொல்வார்கள். முதல்ல போன பெஸ்ட் அங்கேயே தங்கிட்டார். இன்சுலின்னாலே பான்டிங், பெஸ்ட்னு பள்ளிக்கூடப் பாடம் வரைக்கும் பேர் வந்தாச்சு. கிளார்க் நோபிளை யாருக்குத் தெரியும்?

31 வருஷம் கழிச்சு, 1952ல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு கவர் வருது. உள்ளே 25 காய்ந்த இலைகள். இங்க சனங்க இன்சுலின் இல்லாத நேரத்துல இதை டீ போட்டுக் குடிக்கிறாங்க, என்னன்னு பாருங்க என்று குறிப்பு. அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட் அப்போ வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் காலிப் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.

ராபர்ட் நோபிளும் கூட இருந்தவர்களும் சாறெடுத்து எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அளவு அசையவே இல்லை. சரி, ஊசி வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கொடுத்தார்கள். சர்க்கரை அப்பவும் குறையல. ஆனா எலிங்க ஒரு வாரத்துக்குள்ள செத்துப் போச்சு. வேற எந்த ஆய்வுக்கூடமா இருந்தாலும் "விஷம், வேலைக்கு ஆகாது" என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார்கள். நானா இருந்தா கண்டிப்பா மூடியிருப்பேன். இவங்க செத்த எலியை அறுத்து ஏன் செத்துச்சுன்னு பாத்தாங்க. உடம்பெல்லாம் கிருமித் தொற்று. நல்லா இருக்கிற எலியை ஒண்ணும் செய்யாத கிருமி. அப்ப எதிர்ப்புச் சக்தி என்னாச்சு? ரத்தத்தை எண்ணிப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் ஒரேயடியாகக் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை ஒடுங்கிப் போயிருந்தது.

வெள்ளை அணுக்களைக் குறைக்கிற சரக்கு ஒண்ணு கையில இருக்கு. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காம பெருகுற வியாதி ஒண்ணு உலகத்துல இருக்கு, லுக்கேமியா, ரத்தப் புற்றுநோய். ரெண்டையும் சேத்து யோசிச்ச அந்த நிமிஷம்தான் இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம். பக்வேற ஒரு ஃபீச்சரா பாத்த கண்ணு.

அப்புறம் நாலு வருஷம் வேலை. இங்கிலாந்திலிருந்து சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் 1954ல் வந்து சேர்ந்தார். இலைச் சாறில் எக்கச்சக்கமான ஆல்கலாய்டுகள், அதில் எது குற்றவாளி என்று பிரித்துப் பிரித்துத் தேடி வின்பிளாஸ்டினைத் தனியாக எடுத்தார். 1958ல் நியூயார்க் அறிவியல் கழகத்தில் வாசித்த கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்செயல்' என்ற வார்த்தையைப் போட்டிருந்தார்கள். மறைக்கல பாருங்க.

இதே நேரத்துல அமெரிக்காவுல எலை லில்லி மருந்துக் கம்பெனியில் கார்டன் ஸ்வோபோடா என்பவர் உலகத்துச் செடிகளை வரிசையா அரைச்சுப் பாத்துக்கிட்டிருந்தார். பிலிப்பைன்ஸ் சர்க்கரைக் கஷாயக் கதையைக் கேள்விப்பட்டு இதையும் பட்டியலில் சேர்த்திருந்தார். லுக்கேமியா வந்த சுண்டெலிகளுக்கு இதன் சாறைக் கொடுத்தால் ஆயுள் நீண்டது. ரெண்டு கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டது இப்படித்தான். லில்லியில் இன்னொரு ஆல்கலாய்டு பிரித்தெடுத்தார்கள், வின்கிறிஸ்டின். 1963ல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது.

அது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. செல் பிரியும்போது குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுத்துப் போட உள்ளே மெல்லிய நுண்குழாய்களால் ஒரு சாரம் கட்டும். இந்த மருந்து அந்தச் சாரத்துக் கம்புகளைக் கட்டவிடாது. பாதி பிரிஞ்ச செல் அப்படியே நின்னு செத்துப்போகும். வேகமா பிரியுற செல்லுக்குத்தான் முதல் அடி. புற்றுநோய் செல்லும் அதுதான், மஜ்ஜையும் அதுதான். வின்கிறிஸ்டின் நரம்பையும் விட்டு வைக்காது.

ஆனா அந்த அடி என்ன செஞ்சதுன்னு பாருங்க. 1960களின் தொடக்கத்தில் லுக்கேமியா வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரையும் ஃப்ரைரைக்கும் நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கூட்டுக்கு வேம்ப் என்று பேர், முதலெழுத்து வின்கிறிஸ்டினுடையது. இன்னிக்கு வசதியான நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியாவில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஒரே மருந்தால் இல்ல, பல மருந்து, பல வருஷ உழைப்பு. ஆனா வின்கிறிஸ்டின் இல்லாத சீட்டு இன்னிக்கும் அபூர்வம். 2019ல் அமெரிக்காவில் இதுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப குழந்தைகள் வார்டுகளில் யாருக்கு முதலில் என்று பேசவேண்டிய நிலைமை. எங்க வீட்டுச் சாக்கடை ஓரத்துல முளைக்கிற செடிய்யா அது!

சாக்கடை ஓரத்துல கிடந்தாலும் மருந்து விலை ஏன்னா, இலையில அது இருக்கிறது துளியூண்டு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோ காய்ந்த இலை, ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு 2,000 கிலோவுக்கு மேல். வின்பிளாஸ்டினை உண்டாக்க வின்டோலின், கத்தரான்தின் என்று ரெண்டு துண்டு ஒட்டணும். செடி அந்த ரெண்டையும் நிறையவே செய்யுது. ஆனா கத்தரான்தினை இலையின் மேல் மெழுகிலும், வின்டோலினை இலைக்குள் செல்லிலும் தனித்தனியா வச்சிருக்கு என்று 2010ல் கனடாவில்தான் கண்டுபிடித்தார்கள். பெட்ரோலையும் தீப்பெட்டியையும் ஒரே அலமாரியில வைக்காத புத்தி. 2022ல் ஜே கீஸ்லிங் குழு ஈஸ்டின் மரபணுவில் 56 இடத்தில் கைவைத்து, செடிகளிலிருந்து 34 மரபணுக்களை எடுத்துப் போட்டு, அந்த ரெண்டு துண்டையும் ஈஸ்டையே செய்ய வைத்துவிட்டது. படிச்சிட்டு எழுந்து நின்னு கை தட்டலாம் போல இருந்தது. அதுவரைக்கும் சப்ளை எல்லாம் வயல்லேர்ந்துதான். எங்க தூத்துக்குடி, நெல்லை, ராமநாதபுரம் மாவட்டங்கள்ல மானாவாரியா இதை விதைச்சு இலையையும் வேரையும் காயவச்சு மூட்டை கட்டி ஏற்றுமதிக்கு அனுப்பியிருக்காங்க. வேர்லேர்ந்து ரத்த அழுத்தத்துக்கு ஒரு மருந்து எடுக்கிறாங்க. மழை பொய்க்கிற காட்டுல வேற எது வரும்?

இனி ஒரு சங்கடமான விஷயம். இணையத்துல இந்தக் கதை சுத்துற வடிவம் வேற. மடகாஸ்கர் மழைக்காட்டுல பழங்குடி வைத்தியர்கள் புற்றுநோய்க்கு வச்சிருந்த ரகசியத்தை வெள்ளைக்காரக் கம்பெனி திருடிக் கோடி கோடியா சம்பாதிச்சதுன்னு. நானும் இதை நம்பித்தான் தேட ஆரம்பிச்சேன். முதல்ல, இது மழைக்காட்டுச் செடியே இல்ல, வறண்ட மணல்லயும் கிளறிப்போட்ட நிலத்துலயும் வர்ற களை. ரெண்டாவது, நாட்டு வைத்தியம் சொன்னது சர்க்கரைக்கு, அதுவும் சொன்னது ஜமைக்காவும் பிலிப்பைன்சும். புற்றுநோய் சங்கதி எலி செத்ததால தெரிஞ்சது. ஆனா இதை வச்சு "அப்ப மடகாஸ்கருக்கு ஒண்ணும் கிடையாது"ன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. மடகாஸ்கர் ஃபிரான்சிடமிருந்து விடுதலை வாங்கினது 1960ல். மருந்து வந்தது 1963ல். உலகத்துலயே ஏழ்மையான நாடுகள்ல ஒண்ணு, தன்னோட செடியால வந்த பணத்துல பங்குன்னு ஒரு பைசா பாக்கல. ஒரு நாட்டோட உயிர்வளத்துலேர்ந்து வர்ற லாபத்துல அந்த நாட்டுக்குப் பங்கு உண்டுன்னு உலக ஒப்பந்தம் எழுதினதே 1992ல்தான். அந்த 25 இலையைக் கவர்ல போட்டு அனுப்பின கைக்குக் கூட ஒண்ணும் வந்த மாதிரி தெரியல. திருட்டுன்னும் சொல்ல முடியல, நியாயம்னும் சொல்ல முடியல. அதுக்கு நடுவுல ஒரு வார்த்தை நம்ம மொழியில இருந்தா சொல்லுங்க.

பொங்கலுக்கு இதையெல்லாம் சுமந்துகிட்டு ஊருக்குப் போனேன். அப்பாகிட்ட சண்டை போடல, ராத்திரி திண்ணையில உக்காந்து கதையாச் சொன்னேன். காசு சுண்டின கதையில "அடப்பாவி"ன்னார். எலி செத்த இடத்துல பேச்சே இல்ல. நேர்மையா ஒண்ணையும் சொல்லிட்டேன், பின்னாடி சில எலிச் சோதனைகள்ல இந்த இலைச் சாறு சர்க்கரையைக் குறைச்சதாவும் வந்திருக்கு, அதனால முன்னோர் சொன்னது முழுப் பொய்னு நான் சொல்லல. ஆனா அதே இலைக்குள்ளதான் மஜ்ஜையை ஒடுக்குற சரக்கும் இருக்கு, பத்து இலையில எது எவ்வளவுன்னு டம்ளருக்குத் தெரியாதுப்பான்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "வாய் வழியா குடுத்த எலி சாகலைல்லா?" என்றார். ப்ரொடக்‌ஷன்ல பக் வந்தா எங்க க்ளையண்டு கேக்குற கேள்வி தோத்துடும்.

மறுநாள் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்தோம். வெள்ளை அணுக்கள் சரியா இருந்தது, அம்மா கும்பிட்டுக்கிட்டாங்க. வெறும் வயித்துச் சர்க்கரை 236. ரிப்போர்ட்டை ரெண்டு தடவை வாசிச்சுட்டு மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டார். பஸ்ஸுல வர்ற வழியில ஒண்ணும் பேசல. வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது, "மாத்திரையப் போடுதேன். ஆனா செடிய எவனும் புடுங்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

யாரும் புடுங்கல. போன வாரம் அம்மா போன்ல சொன்னாங்க, குளிக்கிற தண்ணி போற வாய்க்கால் ஓரமா புதுசா முப்பது நாப்பது கன்னு முளைச்சிருக்காம். நான் பெங்களூர் நர்சரியில வாங்கிட்டுப் போய் வச்ச கருஞ்சிவப்பு வின்காவோட விதையும் அதுல கலந்திருக்கும் போல. என்ன கலர் பூக்கும்னு கேட்டாங்க. ஒட்டு ரகத்தோட விதை தாய் மாதிரியே வரும்னு சொல்ல முடியாதும்மா, பூத்தாத்தான் தெரியும்னேன்.